முத்துக்குளித்துறையும் உத்தியோகப் பரீட்சையும்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திற்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு கூடம் இருக்கிறது. வாரத்தில் மூன்று மாலைப் பொழுதுகள் அங்கே சில இளைஞர்களுக்கு நான் சரித்திரம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கல்லூரி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்றுக்கொண்ட பணி இது. வருகிறவர்களிற் பெரும்பாலோர் கடல் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள். சிலர் உப்பளத் தொழிலாளரின் மக்கள். எல்லோருக்கும் நாட்டம் ஒன்றே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் வெற்றி பெற்று, கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ ஒரு நாற்காலியில் அமர வேண்டும்.

அந்தத் தேர்வின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 3 மணி நேரம், 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். முதற் பகுதியில் தமிழ்மொழித் தகுதிக்காக 100 வினாக்கள். அந்தப் பகுதியில் நூற்றுக்கு 40 பங்கு மதிப்பெண் பெறாதவருடைய மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவுக்கு 75 வினாக்கள், கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 25 வினாக்கள். எழுதிக் காட்டுவது ஒன்றும் இல்லை. சரியான விடைக்குரிய வட்டத்தை மையால் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். 2020ஆம் ஆண்டிலே ஒரு புதுமை செய்தார்கள். நான்கு விடைகளோடு ஐந்தாவதாக, 'விடை தெரியவில்லை' என்பதற்கும் ஒரு வட்டம் வைத்தார்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு இடம் கொடுத்த பரீட்சையை நான் என் வாழ்நாளில் அதற்கு முன் கண்டதில்லை. வெறுமையாக விட்ட வட்டத்தைப் பிறர் நிரப்பிவிடக் கூடாதே என்ற காவலுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒருநாள் மாலை, பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதலை இயக்கத் தலைவர்கள் வரிசையில் வ. உ. சிதம்பரனார் பெயர் வந்தது, தமிழகத்து அகழ்வாராய்ச்சி வந்தது, திருக்குறள் வந்தது. பின் வரிசையில் இருந்த ஓர் இளைஞன் எழுந்து நின்றான். சங்கு குளிக்கும் குடும்பத்தவன். "ஐயா, இதிலே எங்கள் ஊர்ப் பெயர் வருகிறது, எங்கள் ஊர்ப் பெரியவர் பெயர் வருகிறது. எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தது ஒன்றுகூட வரவில்லையே, ஏன்?" என்று கேட்டான்.

குறும்பாகக் கேட்டான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவனுக்கு விடை சொல்லாமல், அடுத்த கிழமை சொல்வதாகத் தவணை கேட்டுக்கொண்டேன். அந்தத் தவணைக்குள் நான் தேடித் தொகுத்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தத் தாத்தாவுக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டில் நடந்தது. 1955இல் தொடங்கிய வரிசையில் அதுவே இறுதி. அதற்குப் பின் முத்துச் சிப்பிப் பார்களில் குளிப்பதற்கு ஏற்ற அளவு சிப்பி விளையவில்லை. அந்த இறுதிச் சலாபத்தில் குளித்த இளைஞர்களில் ஒருவர் இந்தப் பையனின் தாத்தா. ஒரு கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் நிரப்பிக் கயிற்றை அசைத்து மேலேற வேண்டும். வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் சோழகத்துக்கும் நீரின் நிறம் எப்படி மாறும் என்று தெரிய வேண்டும். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தோலாலேயே அறிய வேண்டும். கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் பனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, அடையாளம் ஒன்றும் இல்லாத நடுக்கடலில் நேற்று இறங்கிய அதே இடத்தை இன்றும் கண்டுபிடிக்க வேண்டும். இவையெல்லாம் தெரிந்தவரைக் கல்லாதவர் என்று சொல்லும் வழக்கம் நமக்கு எப்போது வந்தது? இதுதான் கேள்வி.

தகுதி பார்த்து ஆள் எடுப்பது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பலரும் அறிவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர் வாரியத்துக்கு நிற்பவன் இறை செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் உடையவனாக, சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவனாக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவனாக இருக்க வேண்டும். மந்திர பிராமணம் ஓத வல்லவனாக இருக்க வேண்டும். முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஆகாது. இவற்றிற்குப் பின்னரே குடத்தில் ஓலை இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். நம் காலத்துப் பாடத்திட்டம், வயது வரம்பு, தகுதியின்மை என்ற மூன்றும் அதிலே இருக்கின்றன. நிலமில்லாதவனுக்கும் வேதம் ஓதாதவனுக்கும் அதிலே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் தமக்குத் தெரிந்ததையே அறிவு என்று எழுதுவார்கள் என்பதற்கு அதுவே பழஞ் சான்று.

கடற்கரையில் வேறு முறை. இங்கே பதவிகள் பிறப்பால் வந்தன. பரதவர் தலைவராகிய பாண்டியபதியின் பதவி பரம்பரை உரிமை. சலாபத்தில் அவருக்கென்று ஒரு பங்கு உண்டு. இன்னொரு விந்தையான உத்தியோகமும் இருந்தது. கடற்கட்டி என்பவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லிச் சுறாமீன்களின் வாயைக் கட்டுவார். அவர் இல்லாமல் குளிகாரர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத ஆங்கில அரசாங்கமே மன்னார் வளைகுடாச் சலாபங்களில் அவருக்குப் படியளந்து வந்தது. எந்தப் பரீட்சையும் எழுதாமல் சர்க்கார் சம்பளம் வாங்கியவர் அவர். சுறா கடிக்காத நாளெல்லாம் அவர் தேர்ச்சி பெற்ற நாள்தான்!

இனி வெள்ளையர் பக்கம் வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகங்களும் நெடுங்காலம் பரம்பரைச் சொத்துப் போலத்தான் இருந்தன. கம்பெனி இயக்குநர்கள் தம் மருமகனையும் நண்பர் மகனையும் நியமனம் செய்தார்கள். அப்படி நியமனம் பெற்ற இளைஞர்கள் இங்கிலாந்தில் ஹெய்லிபரிக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இங்கே சென்னையில், எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812இல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. வந்திறங்கிய இளம் துரைமார் தமிழோ தெலுங்கோ படித்துப் பரீட்சை கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் மொழியில் ஒரு வெள்ளைக்காரன் தேர்ச்சி பெற்றால்தான் அவனுக்கு ஊதிய உயர்வு என்ற நிலை அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதை நம் இளைஞர்களுக்குச் சொன்னபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்திலே கொண்டுவர முடியாது.

1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இயக்குநர்களின் நியமன உரிமையைப் பறித்தது. பகிரங்கப் போட்டிப் பரீட்சை வந்தது. அதற்குப் பாடத்திட்டம் வகுக்க மெக்காலே பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1854இல் அறிக்கை வெளிவந்தது. 1855இல் இலண்டனில் முதற் பரீட்சை நடந்தது. அந்த மதிப்பெண் பட்டியலை நீங்கள் கேட்க வேண்டும். மொத்தம் 6,875. ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, இலக்கியம் ஆகியவற்றிற்கு 1,500. கணிதத்துக்கு 1,000. கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. இயற்கை விஞ்ஞானங்களுக்கு 500, ஒழுக்க நூல்களுக்கு 500. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஒவ்வொன்றிற்கும் 375. வடமொழிக்கும் அரபிக்கும் 375 வீதம். இந்தியாவை ஆள வருகிறவனுக்கு இந்தியாவின் வடமொழி தெரிந்தால் கிடைப்பது, கிரேக்கம் தெரிந்தால் கிடைப்பதில் பாதி. தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விரும்பியவற்றை எடுக்கலாம். ஆனால் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவன் எடுக்கும் பாடங்களுக்கே மதிப்பெண் மிகுதி. மெக்காலே இதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். 1833ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாடாளுமன்றத்தில் பேசும்போதே அதைச் சொன்னார். கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்பதல்ல கேள்வி. நாட்டில் எது கல்வியாகக் கற்பிக்கப்படுகிறதோ அதில் முந்துகிறவன் எதிலும் முந்துவான். கிரேக்கத்துக்குப் பதிலாக அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கியரின் மொழியைக் கற்பித்திருந்தாலும், அதை நன்றாகக் கற்றவனே மேம்பட்டவனாக இருப்பான் என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் என் மாணவர்கள் விழித்துக்கொண்டார்கள். செரோக்கிக்கு அந்தத் தகுதி உண்டு என்றால், முத்துக்குளிப்புக்கு ஏன் இல்லை? கேள்வி நியாயமானது. மெக்காலே தம் வாதத்தின் முடிவு வரைக்கும் நடக்கவில்லை. தம் கல்லூரி வாசலிலேயே நின்றுகொண்டார்.

பரீட்சை பகிரங்கமானது என்பது சட்டத்தின் சொல். இலண்டனுக்குப் போனவனுக்குத்தான் அது பகிரங்கம். வயது வரம்பு முதலில் 23 ஆக இருந்தது; 22, 21 என்று குறைந்து, 1878இல் 19 ஆகியது. பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன், கடல் கடந்து சென்று, கிரேக்கமும் இலத்தீனும் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாக எழுதி வெல்ல வேண்டும்! 1863இல் தேறிய சத்தியேந்திரநாத் தாகூரைப் போல ஒரு சிலர் வென்றார்கள் என்பது அவர்கள் பெருமை. பாடத்திட்டத்தின் பெருமை ஆகாது. தேறியவனுக்குப் பின்னர்ப் பயிற்சிக் காலம். அதன் முடிவில் சட்டம், மாகாண மொழி, குதிரையேற்றம் ஆகியவற்றில் மறுபடியும் சோதனை. அரவிந்த கோஷ் 1890இல் போட்டிப் பரீட்சையில் தேறியும், குதிரையேற்றச் சோதனைக்குச் சரிவரப் போகாததால் 1892இல் நீக்கப்பட்டார். இந்தக் கடற்கரைக்கு வரும் துணைக் கலெக்டருக்குக் குதிரை ஏறத் தெரிய வேண்டும். நீந்தத் தெரியுமா என்று கேட்பாரில்லை.

ஆயினும் மாகாண மொழி என்ற அந்தச் சிறு வாயில் வழியாக நம் பகுதிக்கும் அந்தப் பரீட்சைக்கும் ஓர் உறவு ஏற்பட்டது. தூத்துக்குடிக்கு அருகில் சாயர்புரம் இருக்கிறது. 1840களில் அங்கே பாதிரியாராக இருந்து கல்விச்சாலை அமைத்தவர் ஜி. யு. போப். மாணவர்களிடம் கடுமைக்குப் பெயர்போனவர். பிற்காலத்தில் அவர் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று, இந்தியாவுக்குப் புறப்படும் சிவில் உத்தியோகப் பயிற்சியாளருக்குத் தமிழ் கற்பித்தார். 1886இல் அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பும், 1893இல் நாலடியாரும், 1900இல் திருவாசகமும் வெளிவந்தன. உப்புக்காற்று வீசும் நம் பனங்காட்டில் பாடம் சொல்லிக் கொடுத்த ஒருவர், முதிர்ந்த வயதில் ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து, நம்மை ஆள வருகிறவர்களின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தார்! இன்று நான்காம் தொகுதிப் பாடத்திட்டத்தில் திருக்குறளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வரும்.

அடுத்து நான் சொல்லப்போவது, இந்தத் தேடலில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த செய்தி. 1872ஆம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று ஓட்டப்பிடாரத்தில், மற்றொன்று கடல்கள் பல கடந்து. முதற் குழந்தை வ. உ. சிதம்பரம் பிள்ளை. இரண்டாவது ராபர்ட் வில்லியம் ஆஷ். ஆஷ் சிவில் சர்விஸ் பரீட்சையில் தேறி, 1895இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். சிதம்பரம் பிள்ளையோ படிப்பு முடிந்ததும் சில காலம் ஓட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, வக்கீல் பரீட்சையில் தேறினார். இருவரும் பரீட்சை எழுதி மேலே வந்தவர்களே. ஒருவருக்கு அப்பரீட்சை ஒரு மாவட்டத்தை ஆளும் அதிகாரத்தைத் தந்தது. மற்றவருக்கு அந்த அதிகாரத்தின் முன் நின்று வழக்காடும் உரிமையைத் தந்தது.

இருவரும் தூத்துக்குடியிலேதான் எதிரெதிரே நின்றார்கள். 1906இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, இங்கே துணைக் கலெக்டர் ஆஷ். அந்த ஆண்டிலேயே சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். தண்டனை விதித்த பின்ஹே என்ற நீதிபதியும் அதே சிவில் சர்விஸைச் சேர்ந்தவர்தாம். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்ட வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1912 இறுதியில் விடுதலை பெற்று வந்த சிதம்பரம் பிள்ளைக்கு வக்கீல் சன்னது இல்லை. தண்டனையோடு அதுவும் பறிபோயிருந்தது. பல ஆண்டுகள் வறுமையில் உழன்ற பின், வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பறித்ததும் அந்த சர்விஸ். திருப்பித் தந்ததும் அந்த சர்விஸ். பரீட்சைத்தாள் மனிதனின் உள்ளத்தை அளப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் தேடவில்லை.

தாலுகா அலுவலக எழுத்தர் வேலையை உதறிவிட்டுப் போன சிதம்பரம் பிள்ளையின் பெயர், எழுத்தர் வேலைக்கான பாடத்திட்டத்தில் இப்போது இடம்பெற்றிருக்கிறது. இதை நினைத்தால் அவரே சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது.

பின்னர் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1922இல் சிவில் சர்விஸ் பரீட்சை இந்திய மண்ணிலும், அலகாபாத்தில், நடக்கத் தொடங்கியது. 1926இல் மத்தியிலே தேர்வாணையம் ஏற்பட்டது. 1929இல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு சர்விஸ் கமிஷனைச் சட்டத்தின் மூலம் அமைத்துக்கொண்டது. மாகாணங்களுள் இதில் முந்தியது நாமே. அதன் வழித்தோன்றலே இன்றைய தேர்வாணையம். 1979 முதல் மத்திய சிவில் சர்விஸ் தேர்வைத் தமிழிலும் எழுத வழி பிறந்தது.

என் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொன்னது வேறோர் ஆண்டு. 1980. அதுவரை நம் கிராமங்களில் கர்ணமும் மணியமும் பரம்பரையாக வந்த குடும்பங்களின் கையில் இருந்தன. நிலக்கணக்கு அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கடற்கரைக் குடிசைக்கு மனைப்பட்டா வேண்டும் என்று கேட்டு நின்ற மீனவன் எத்தனை நாள் அந்தத் திண்ணையடியில் நின்றான் என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. அந்த இடத்தில் வந்ததுதான் கிராம நிர்வாக அலுவலர் பதவி; தேர்வு எழுதித் தேறிய எவரும் அமரலாம். ஆகவே, தாத்தாவின் அறிவைக் கேட்காத அதே பரீட்சைதான் தாத்தாவின் பேரனுக்கு அந்த நாற்காலியைத் திறந்து விட்டது. இதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்ட இளைஞன் பேசாமல் இருந்தான். ஒப்புக்கொண்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவனுக்கு முத்து தரம் பிரிக்கும் முறையைச் சொன்னேன். அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், தெரியவில்லை. சலாபம் முடிந்ததும் வியாபாரிகள் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பார்கள். முதற் சல்லடையில் 20 துளைகள். பின்னர் 30, 50, 80, 100 என்று ஏறி, கடைசிச் சல்லடையில் 1,000 துளைகள். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே அந்த முத்தின் அளவு. அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதன் பின்பே உருட்சியும் ஒளியும் பார்த்து, ஆணிமுத்து என்றும், களிப்பு என்றும், தூள் என்றும் கண்ணால் பிரிப்பார்கள். இருநூறு வினாத் தேர்வு முதற் சல்லடை வேலையைத்தான் செய்கிறது. இலட்சக்கணக்கானவர் எழுதும் இடத்தில் அதற்குமேல் செய்ய அதனால் ஆகாது. அதன் துளை எந்த அளவு என்று தெரிந்துகொண்டு படியுங்கள் என்றேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். மெக்காலே எழுதியது போல, உங்கள் வீட்டு முதியோர் அறிவுக்கு நீங்கள் ஒரு பாடத்திட்டம் எழுதி, மதிப்பெண்ணும் இட்டு வாருங்கள்.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், அவன் எழுதி வந்தான். காற்று அறிதல் 100. நீவாடு அறிதல் 150. கரை அடையாளம் கொண்டு இடம் காணுதல் 200. மூச்சடக்குதல் 300. பாரின் தன்மையும் சிப்பியின் வயதும் அறிதல் 250. மொத்தம் 1,000. முறையாகக் கோடிட்டு, அழகான கையெழுத்தில் இருந்தது. தாத்தாவிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினானாம். எண்பது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் பேரனைப் படிக்கச் சொல்லி முழுவதும் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"'எல்லாம் சரிதாம்ல. மேலே தோணியிலே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னானே உன் பாட்டி கூடப் பிறந்தவன், அவனுக்கு எத்தனை மார்க்கு போட்டிருக்க?' என்று கேட்டார், ஐயா."

பட்டியலை அவன் திருத்திக்கொண்டிருக்கிறான். மொத்தம் 1,000க்குள் அடங்கவில்லை என்கிறான்.